முருகைக்கல்லுக்கும் உயிர் உண்டு



இதை எழுதும்போது யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. கீழே தெருவில் 165 ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் தோளை உயர்த்திக் கழுத்தை உள்ளே இழுத்து ஆமைகள் போல நிற்கிறார்கள். ஆமை என்றதும் கோடையில் நாங்கள் கண்ட வேறொரு ஆமை ஞாபகத்துக்கு வருகிறது. ஊருக்குப் போய்வந்த கதையை எழுதுங்கள் என்று உங்களில் பலர் தொலைபேசியிலும் கடைவாசலிலும் கேட்டபடியே இருக்கிறீர்கள். கோவில் திருவிழா, கல்யாணவீடு, காணி உறுதி, கச்சேரி அலைச்சல் என்று ஊர்ப்பயணக் கதைகள் இந்தப் பக்கத்தில் போதிய அளவு வந்துவிட்டன. ஆகையால் இம்முறை கடலுக்குள் தலையை விட்டுப் பார்த்த கதையைச் சொல்கிறோம்.

முதலில் ஒரு விளக்கம். இங்கே 'நாங்கள்' என்றால் கணவனும் மனைவியும். எங்களில் ஒருவருக்கு நீந்தத் தெரியும். மற்றவருக்குத் தண்ணீர் என்றால் பயம். யாருக்கு எது என்று எழுதப்போவதில்லை. வீட்டில் சமாதானம் நிலவவேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. தெரிந்தவர்கள் வெளியே சொல்லாமல் விட்டால் புண்ணியம்.

வெளிநாடு எது?

2024 இல் எங்களுக்குத் திருமணமாகி 30 ஆண்டுகள் நிறைந்தன. பிள்ளைகள் கூடிப்பேசி எங்களைக் கியூபாவுக்கு ஒரு கிழமை அனுப்பத் தீர்மானித்திருந்தார்கள். மொன்றியல்காரருக்குக் கியூபா அடுத்த வீட்டு முற்றம் மாதிரி என்பது உங்களுக்குத் தெரியும். மகள் படங்களைக் காட்டினாள். நீலத் தண்ணீர், முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், கீழே நிறம் நிறமாக மீன்கள். "இதுக்குப் பெயர் ஸ்நோர்க்கலிங். பவளப்பாறையை மேலே மிதந்துகொண்டே பார்க்கலாம்" என்று விளக்கமும் தந்தாள். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவர் மெல்லச் சொன்னது இதுதான்: "இதைத்தானே எங்கட புறாமலையில வெள்ளைக்காரர் வந்து பார்க்கிறவை?"

அந்த ஒருவரின் ஊர் சாம்பல்தீவு. திருகோணமலைப் பட்டணத்திலிருந்து வடக்கே நிலாவெளிக்குப் போகிற வழியில் உள்ள கிராமம். கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் கடலுக்குள் சிறிய குன்று மாதிரி ஒன்று தெரியும். அதுதான் புறாமலை. பெரியது, சிறியது என்று இரண்டு தீவுகள். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம்தான். மாடப்புறாக்கள் அங்கே கூடு கட்டுவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் அவர்களின் கடற்படை அதைச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்ததாம். 1963 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர்.

குழந்தைப் பருவம் முழுவதும் நாள்தோறும் கண்ணால் கண்ட அந்தத் தீவுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. சின்ன வயதில் 'அங்கே என்ன கிடக்கு' என்றார்கள். பிறகு சண்டை வந்தது, கடலுக்குப் போகாதே என்றார்கள். அதற்குப் பிறகு நாட்டையே விட்டாயிற்று. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னரும் ஊருக்குப் போக எங்களுக்கு மனம் வருவதற்கு 15 ஆண்டுகள் பிடித்தன. கியூபாவுக்கென்று ஒதுக்கிய பணத்துடன் எங்கள் பணத்தையும் போட்டு யூலையில் ஊருக்குப் போனோம். "வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஊருக்குப் போகிறீர்களே!" என்று மகன் சிரித்தான். எது வெளிநாடு என்று அவனுக்கு விளக்க நாங்கள் முயலவில்லை. எங்களுக்கே தெளிவில்லாத விஷயம் அது.

இருட்டுக் கடல்

மற்றவரின் கதை வேறு. அவர் ஊர் நெடுந்தீவு. கடலோடு பிறந்தவருக்குக் கடல் பயமா என்று கேட்பீர்கள். 1986 இல், நிலவில்லாத ஓர் இரவில், 15 வயதில், இராமேஸ்வரம் நோக்கிப் போன ஒரு படகின் அடியில் குந்தியிருந்தவர் அவர். ஒரு கை படகின் விளிம்பில், மறு கை தம்பியின் சட்டையில். "ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது" என்று ஓட்டி சொல்லியிருந்தார். ஆகவே குழந்தைகள்கூட அழவில்லை. தண்ணீர் பலகையில் அடிக்கும் சத்தம் மட்டும் விடியும்வரை கேட்டதாம். மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து கடலுக்குள் அவர் கால் வைத்ததில்லை. இங்கே ஏரிக்கரைக்குப் போனாலும் பாயை விரித்துச் சாப்பாட்டுப் பொதிகளுக்குக் காவல் இருப்பது அவர்தான்.

இது அவருக்கு மட்டும் உரிய வருத்தம் அல்ல. அதே 1986 ஓகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அவ்வூர் மீனவர்கள் கரைசேர்த்த சம்பவத்தை அறியாதவர் எங்களில் இல்லை. கோட்-டெ-நெய்ஜில் ஒரு மாடிக்கட்டிடத்தின் கதவுகளைத் தட்டிக் கேட்டால், கடலால் தப்பிய கதை மூன்று வீட்டிலாவது கிடைக்கும். தப்பவைத்த கடலை நாங்கள் நன்றியோடு நினைக்கவேண்டும். ஆனால் நினைப்பு வந்தால் கூடவே இருட்டும் வருகிறது. அதற்கு என்ன செய்வது?

"நானும் வருகிறேன்" என்று அவர் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மாசி மாதத்தில், வெளியே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை, அயலில் உள்ள நீச்சல் தடாகத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். பத்துக் கிழமை வகுப்பு. சொல்லிக்கொடுத்தவள் எங்கள் மகளிலும் இளையவள். நீச்சல் முக்கியமில்லை, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடப் பழகுவதுதான் முக்கியம் என்றாளாம். "சூஃப்ளே, சூஃப்ளே" என்பாள். ஊதுங்கள், ஊதுங்கள் என்று பொருள். அடுப்பு ஊதிப் பழகிய சாதிக்கு ஊதச் சொல்லித்தர ஒரு பிரெஞ்சுப் பிள்ளை வேண்டியிருந்தது. பத்தாவது கிழமை அவர் தடாகத்தின் ஆழங்குறைந்த பக்கத்தை மிதந்தே கடந்தார். அன்று வீட்டில் பாயாசம்.

"எந்த நாடு?"

கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்கே கோணேசரைத் தரிசித்துவிட்டு மறுநாள் விடியவே நிலாவெளிக்குப் போனோம். ஆடி மாதத்தில் கிழக்குக் கடல் குளம்போல் கிடக்கும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை நல்ல காலம். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றுடன் கடல் பொங்கிக் கலங்கிவிடும். போக நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருமபீடத்தில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைப் பார்க்கப் பன்மடங்கு. எந்தப் பூங்காவுக்கும் இதுதான் அங்கே விதி. குறை சொல்ல நாங்கள் எழுதவில்லை. கருமபீடத்தில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டது: "எந்த நாடு?" எங்களில் ஒருவரின் வாயில் வந்த பதில்: "சாம்பல்தீவு." அந்தப் பிள்ளை சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிறகு நீலக் கடவுச்சீட்டு இரண்டையும் எடுத்து வைத்தோம். குருநாகலிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் எங்களுக்குப் பின்னால் நின்றது. அவர்களின் சின்னப் பெடியன் எங்கள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, கையில் இருந்த இனிப்பில் ஒன்றை நீட்டினான். வாங்கிக்கொண்டோம்.

யோசித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சங்கு குளிக்கும் சுழியோடிகளைத் தவிர, எங்கள் சனம் தாங்கள் வாழ்ந்த கடலின் அடியைப் பார்த்ததில்லை. கோணேசர் கோவிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்தார்கள். அதன் தூண்கள் சுவாமிமலைக்குக் கீழே கடலில் கிடப்பதை 1956 இல் சுழியோடிக் கண்டவர்கள் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும். கிளார்க் இலங்கைக்கு வந்து குடியேறியதற்கே சுழியோடும் ஆசைதான் காரணம். 2008 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். வில்சன் பின்னாளில் சைவராகி சுவாமி சிவகல்கி என்று பெயர் பூண்டார். எங்கள் கடலுக்குள் பார்த்தவர்கள் அந்நியர். நாங்கள் பார்ப்பதற்கு நாங்களும் அந்நியராகி, அந்நியரின் கட்டணத்தைக் கட்டவேண்டியிருந்தது.

தண்ணீருக்குள்

படகுக்காரத் தம்பிக்கு 24 வயது. நிலாவெளிப் பெடியன். "அன்ரி, அங்கிள், ரெண்டு பேரும் ஜக்கெற்றைக் கழட்டக்கூடாது. களைச்சால் மல்லாந்து படுங்கோ, ஜக்கெற் தூக்கும். கீழ கால் ஊண்டாதேங்கோ" என்றான். பத்து நிமிட ஓட்டம். படகு கிளம்பியதும் எங்களில் ஒருவரின் கை தானாகவே விளிம்பைப் பிடித்தது. மற்றக் கை பக்கத்தில் இருந்தவரின் சட்டையைப் பிடித்தது. அந்தக் கை எதை நினைத்துப் பிடித்தது என்று இருவருக்கும் தெரியும். ஒன்றும் பேசவில்லை.

தீவின் கரை மணல் மாதிரி இருக்கவில்லை. நடந்தால் சலசலவென்று சத்தம். குனிந்து பார்த்தால் விரல் விரலாக உடைந்த வெள்ளைத் துண்டுகள். எலும்புகள் மாதிரி. "எல்லாம் செத்த முருகை" என்றான் தம்பி.

முகக்கண்ணாடியைப் போட்டு, குழாயைக் கடித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தைக் கவிழ்த்தோம். அதன்பின் கண்டதை எழுத எங்களுக்கு வார்த்தை காணாது. இருந்தாலும் முயல்கிறோம். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த முருகைகள், மேசை மாதிரி விரிந்தவை, மனித மூளை மாதிரிச் சுருண்டவை. மண்ணிறம், மஞ்சள், மங்கிய ஊதா. அவற்றுக்கிடையே வண்ணாத்தி மீன்கள் சோடி சோடியாகப் போயின. கறிச்சட்டியில் மட்டும் அறிமுகமான ஓராவும் கிளாத்தியும் தங்கள் பாட்டுக்கு மேய்ந்தன. நீலமும் பச்சையுமான கிளிமீன்கள் அலகால் கல்லைக் கொறிக்கும் 'கறுக், கறுக்' சத்தம் காதில் தெளிவாகக் கேட்டது. அவை கொறித்து வெளியே விடுவதுதான் வெள்ளை மணலாகிறது என்று பிறகு அறிந்தோம். நாங்கள் கால் நனைத்து விளையாடிய மணலில் எவ்வளவு மீன் வயிற்றால் வந்ததோ!

ஒரு ஆமை வந்தது. அவசரமே இல்லை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு செட்டை நுனி கறுத்த ஒரு சுறா, எங்கள் கை நீளம் இருக்கும், ஆழங்குறைந்த பக்கத்தால் வளைந்து போயிற்று. சுறாவை வறையாகவும் புட்டாகவும் மட்டுமே அறிந்த நாங்கள் அசையாமல் மிதந்தோம். அந்தச் சாதிச் சுறா மனிதரைக் கண்டால் விலகிப்போகும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். மூளைக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை.

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. ஒரு சின்ன அலை குழாய்க்குள் தண்ணீரை ஊற்றிவிட்டது. பயந்தவருக்கு மூச்சு அடைத்தது. உப்புத் தண்ணீர், கண்ணாடிக்குள் மங்கல், காதில் படகுப் பலகையில் தண்ணீர் அடிக்கும் அந்தப் பழைய சத்தம். 'சூஃப்ளே' எல்லாம் பறந்துவிட்டது. நிற்கவேண்டும், எதிலாவது நிற்கவேண்டும். காலை ஊன்றினார். காலின் கீழ் ஏதோ முறிந்தது. உலர்ந்த கதியால் முறியும் சத்தம்.

"நில்லாதேங்கோ! அது உயிர்!" என்று தம்பி கத்தினான். அடுத்த கணம் அருகே வந்து, ஜக்கெற்றைப் பிடித்து மல்லாக்க மிதக்கவிட்டு, கரைக்கு இழுத்துவந்தான்.

முறிந்தது ஒரு கை நீளக் கொம்பு. கல்லோடு கல்லாக அடியில் கிடந்தது. சற்று நேரத்துக்கு முன் அதற்குள் சின்ன நீல மீன்கள் புகுந்து புகுந்து விளையாடியதை இருவரும் பார்த்திருந்தோம்.

வேலிக்கல்

கரையில் இருந்து இருமிக்கொண்டே எங்களில் ஒருவர் சொன்னார்: "எங்கட ஊரில இது வேலி."

நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே காணிக்குக் காணி முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேலி கட்டியிருப்பார்கள். சாந்து கிடையாது. யாழ்ப்பாணக் கோட்டையிலும் முருகைக்கல் உண்டு. வெற்றிலைக்குப் போட்ட சுண்ணாம்பும் வீட்டுக்கு அடித்த வெள்ளையும் பல ஊர்களில் முருகைக்கல்லைச் சுட்டு வந்தவைதான். கல் என்றுதான் சொன்னோம், கல் என்றே நினைத்தோம்.

தம்பி எங்களுக்குப் பாடம் எடுத்தான். அவன் சொன்னதையும், திரும்பிவந்து நூலகத்தில் வாசித்ததையும் சேர்த்துத் தருகிறோம். முருகைக்கல்லைக் கட்டுவது பொலிப்பு என்ற மெல்லிய சிறு பிராணி. அரிசி அளவிலிருந்து பல அளவுகளில் இருக்கும். கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி வீடு கட்டும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து கட்டியதுதான் நாங்கள் காணும் கொம்பும் மேசையும். அதன் உடலுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கும். பொலிப்பு இடம் கொடுக்கிறது. அல்கா வெயிலில் உணவு சமைத்து வாடகையாகக் கொடுக்கிறது. நிறமும் பெரும்பாலும் அதனால்தான். மான்கொம்பு வகை ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். மூளை வகைக்கு ஒரு சென்ரிமீற்றரே பெரிய காரியம். உலகக் கடலடியில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பார்களை நம்பி, கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ காற்பங்கு வாழ்கின்றன.

கடல்நீர் வழமையான கோடைச் சூட்டிலும் ஒரு பாகை கூடிச் சில கிழமை நீடித்தால் போதும், பொலிப்பு தன் குடியிருப்பாளரை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெளுத்துவிடும். சூடு விரைவில் தணிந்தால் அல்கா திரும்பி வரும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998 இல் உலகமெங்கும் இப்படி நடந்தது. நாங்கள் போவதற்கு மூன்று மாதம் முன், 2024 ஏப்ரலில், உலகளாவிய வெளுப்பு நான்காம் முறை நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வாசித்தபோது எங்களுக்கு உறைத்தது. வீட்டுக்காரரும் குடியிருந்தவரும் ஒரே வெக்கையில் பிரிந்து, இருவரும் அழிவது நாங்கள் கேள்விப்படாத கதையா?

வேலி என்று சொன்னோமே, அதிலும் ஒரு பொருள் இருக்கிறது. தம்பிக்கு நாலு வயதாக இருந்தபோது, 2004 டிசெம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை நிலாவெளியை அடித்தது. தாய் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறார். தகப்பனின் வள்ளம் போயிற்று. அந்த அலையைப் பற்றித் தென்கரையில் நடந்த ஆய்வு ஒன்று 2005 இல் வெளிவந்தது. ஹிக்கடுவையில், முருகைப்பார் காக்கப்பட்ட இடத்தில், அலை 2, 3 மீற்றர் உயரத்தில் வந்து 50 மீற்றரளவில் நின்றிருக்கிறது. சில கிலோமீற்றர் தள்ளிப் பெரலியவில், சுண்ணாம்புக்காகக் கடலிலேயே முருகை வெட்டப்பட்டிருந்த இடத்தில், 10 மீற்றர் உயரத்தில் வந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போயிருக்கிறது. புகைவண்டியையே புரட்டிப்போட்ட இடம் அதுதான். கரையோரத்தில் முருகை வெட்டுவதை 1988 இல் சட்டம் தடைசெய்தது. அதற்குள் பல இடங்களில் வேலி பிடுங்கப்பட்டுவிட்டது.

புறாமலையிலும் நாங்கள் கண்டது முழுவதும் உயிரல்ல. பாதிக்குப் பாதி சாம்பல் நிறத்தில் பாசி பிடித்துக் கிடந்தது. யுத்தம் முடிந்தபின் கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் கால்களும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கால்களில் இனி எங்களுடைய ஒன்றும் சேர்த்தி.

இரண்டாம் முறை

"போதும், திரும்புவோம்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். சொன்னவர் பயந்தவர் அல்ல, நீந்தத் தெரிந்தவர். பயந்தவர் தலையாட்டினார்: "இல்லை. உடைச்சுப்போட்டு இப்படியே போகேலாது. ஒழுங்காய்ப் பார்த்துவிட்டுப் போவோம்."

தம்பி மறுபக்கத்துக்கு, மணல்தரை உள்ள இடத்துக்கு அழைத்துச் சென்றான். அங்கே ஊன்றினாலும் மணலில்தான் கால்படும். ஒரு கை தம்பியின் மிதவை வளையத்தில், ஒரு கை எங்களில் மற்றவரின் கையில். முகம் கவிழ்ந்தது. நீண்ட நேரம் குமிழி வரவில்லை. எங்களுக்கு நெஞ்சு இடித்தது. பிறகு குழாய் வழியே 'பூ...' என்று ஒரு நீண்ட ஊதல். சூஃப்ளே! அடுத்து இன்னொன்று. ஏறத்தாழ இருபது நிமிடம் அவர் தலையைத் தூக்கவேயில்லை.

படகில் ஏறியதும் அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்: "அண்டைக்கு இரவு எங்களுக்குக் கீழயும் இதெல்லாம் இருந்திருக்கும், என்ன? நான் வெறும் இருட்டு எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன்."

திரும்பி வரும்போது அவர் படகின் விளிம்பைப் பிடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். பிடித்தார். ஆனால் ஒரு கையால் மட்டும்.

போகிறவர்களுக்கு

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஆண்டுக்காண்டு கூடுகின்றன. புறாமலைக்கும் போவீர்கள். எங்கள் பிழையிலிருந்து நீங்கள் படித்துக்கொள்ளச் சில வார்த்தைகள்.

இங்கேயே நீச்சல் தடாகத்தில் முகக்கண்ணாடியும் குழாயும் வைத்துப் பழகிவிட்டுப் போங்கள். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பலமாக ஊதினால் வெளியேறிவிடும். அது ஒன்று தெரிந்திருந்தால் எங்கள் காலுக்கு வேலை வந்திராது. நீந்தத் தெரிந்தவரும் ஜக்கெற் போடவேண்டும். காலையில் நேரத்துடன் போங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. களைத்தால் மல்லாந்து மிதவுங்கள், கல்லில் நிற்காதீர்கள், கல்லைப் பிடிக்காதீர்கள். ஆமையைத் துரத்தவோ தொடவோ வேண்டாம். வெயிலுக்குப் பூசும் கிறீம்களில் உள்ள இரண்டு இரசாயனங்கள் முருகைக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடைசெய்திருக்கிறது. கிறீமுக்குப் பதில் நீளக்கைச் சட்டை போட்டால் உங்களுக்கும் நல்லது, முருகைக்கும் நல்லது.

கடைசியாக ஒன்று. கரையில் கிடக்கும் செத்த துண்டையும் ஞாபகத்துக்கென்று பெட்டியில் வைக்காதீர்கள். இலங்கைச் சட்டம் அனுமதிக்காது. கல்முருகை வகைகள் நாடு கடந்து போவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில் கனடாவும் சேர்ந்திருக்கிறது. விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்ல நேரும்.

நாங்கள் வெறுங்கையோடு வந்தோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு சின்னப்பெண் எழுந்து, "கல்லைக் கொண்டுவரேல்லையா? எப்பிடி நம்புறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிய, பெற்றாரிடம் அனுமதி வாங்கி ஏழு பிள்ளைகளைப் பழைய மொன்றியலுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே பழைய கட்டிடங்களின் சாம்பல்நிறக் கல் இந்தத் தீவிலேயே வெட்டிய சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் வெப்பக் கடலின் அடியில் கிடந்தபோது படிந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் சிப்பி ஓடுகளும் கடற்பிராணிகளின் துண்டுகளும் கல்லுக்குள் தெரியும். பிள்ளைகள் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினார்கள். "இதுவும் உயிராய் இருந்ததா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஓம்" என்றோம். "இதைத் தொடலாம். புறாமலையில் உள்ளதைத் தொடக்கூடாது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது."

பனி கூடிவிட்டது. பஸ் இன்னும் வரவில்லை. அடுத்த இதழில் சந்திப்போம்.